பிலோமினாவுக்கு சனிக்கிழமை இரண்டு ஃபங்ஷன்

போன வாரம் நாற்காலி வாடகைக்கு எடுக்கப் போயிருந்தேன்.

கடைக்கார அண்ணாச்சி ரசீதைப் பிரித்துக்கொண்டே என்ன விசேஷம் என்று கேட்டார். காலேஜில் ஃபங்ஷனல் புரோகிராமிங் மாநாடு என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"ஃபங்ஷன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர், போதும். பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

என்ன சொல்வது? கம்ப்யூட்டர் என்றேன். கணக்கு என்றேன். பம்பாயிலிருந்து பேராசிரியர் வருகிறார் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரசீதில் 'விசேஷம்' என்று எழுதினார். பன்னீர்ச் செம்பு ஒன்று இலவசமாகத் தந்து அனுப்பினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தூத்துக்குடியில் ஃபங்ஷன் என்றால் பந்தல், பிரியாணி, மைக் செட். வேறு எந்த அர்த்தமும் இந்த ஊருக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

உங்களில் சிலருக்கும் அதே சந்தேகம் இருக்கலாம். ஒரு பாராவில் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, ஏவுவது. இந்தப் பெட்டியில் இருப்பதை எடு, அந்தப் பெட்டியில் போடு, பழையதை அழி, திரும்பச் செய்... இப்படி. இன்னொன்று, கணக்கு வகுப்பில் படித்த ஃபங்ஷன் மாதிரி எழுதுவது. உள்ளே ஒன்றைக் கொடுத்தால் வெளியே ஒன்று வரும். நாளைக்கு அதையே கொடுத்தாலும் அதே பதில்தான். உள்ளே கொடுத்தது கெடாமல் அப்படியே இருக்கும். இப்படிச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோத்துப் பெரிய வேலைகளை முடிக்கலாம், அது சரியா தப்பா என்று பேப்பரிலேயே நிரூபித்தும் விடலாம் என்று நம்புகிறவர்கள் உலகம் முழுக்கக் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். நம் நாட்டில் இன்னும் கொஞ்சம் பேர்.

அந்தக் கொஞ்சம் பேரில் ஒருத்தி எங்கள் காலேஜில் இருக்கிறாள். பெயர் பிலோமினா.

கணக்குத் துறையில் எனக்கு ஜூனியர். மெட்ராஸில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது கம்ப்யூட்டரைப் பார்த்தவள். அட்டையில் ஓட்டை போட்டு அதற்குள் அனுப்பி, பதிலுக்குக் காத்துக்கிடந்தவள். அப்பா கஸ்பார் அண்ணாச்சி, ஹார்பரில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸில் ஹெட் கிளார்க். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் அவருக்கு ஒரே பேச்சுதான். எந்தக் கப்பல் வெளியே நிற்கிறது, எந்தக் கப்பலுக்குக் கரையோரம் வந்து நிற்க பெர்த் கிடைத்தது, ஏன் இதற்கு முன்னால் அது உள்ளே வந்தது... புதுத் துறைமுகம் வந்த பிறகும் இந்தப் புலம்பல் தீரவில்லை. சின்ன வயதிலிருந்து இதையே கேட்டு வளர்ந்த பெண், அதையே ஒரு கணக்காக எடுத்துக்கொண்டாள். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் ஒரு வரிசை, காலியாகும் பெர்த்கள் ஒரு வரிசை. எதை எதோடு சேர்ப்பது? முழுக்க முழுக்க ஃபங்ஷன்களாலேயே எழுதி, அது ஒரு கப்பலையும் மறந்துவிடாது என்று நிரூபித்து, ஒரு கட்டுரை ஆக்கினாள்.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் கிடையாது. சாக்பீஸ் உண்டு. அது போதும் என்பாள்.

கட்டுரை பம்பாய்க்குப் போனது. அங்கே ஒரு பேராசிரியர், இந்தத் துறையில் பெரிய தலை. இந்தக் கொஞ்சம் பேர் வருஷத்துக்கு ஒரு ஊரில் கூடிப் பேசுவார்கள்: ஆராய்ச்சி பாதி, நடைமுறை பாதி. இந்த வருஷம் பம்பாய்க்கு வந்து பேசும்படி அழைப்பு வந்தது. கல்யாண வயதுப் பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்ப கஸ்பார் அண்ணாச்சிக்கு மனசில்லை. வர முடியாது என்று அவள் எழுதிவிட்டாள். கூடவே நானும் ஒரு வரி எழுதினேன் — விளையாட்டாகத்தான் — கப்பல் கணக்குக்குப் பம்பாய் எதற்கு, நீங்கள் எல்லாரும் இங்கே வாருங்களேன் என்று.

வருகிறோம் என்று பதில் வந்துவிட்டது.

பிறகென்ன? எங்கள் பிரின்சிபால் மதர், காலேஜ் ஹாலைக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை, ஒரே நாள். காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புவது. காலையில் பேராசிரியரும் மற்றவர்களும் பேசுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டரை மணிக்கு, பிலோமினா. உள்ளூர் செயலாளர் நான். அதனால்தான் நாற்காலி.

இந்த நேரத்தில்தான் ஒரு தந்தி வந்தது. காலேஜுக்கு இல்லை, வடக்கே கடலோரக் கிராமமான கீழவைப்பாருக்கு.

பிலோமினாவுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. பையன் பெயர் ஜெரால்டு. கீழவைப்பார்க்காரர்கள். கப்பலில் ரேடியோ ஆபீஸர். லீவில் வந்திருந்தார். நிச்சயதார்த்தம் அடுத்த மாதம் என்று பேச்சு. திடீரென்று கம்பெனியிலிருந்து தந்தி: திங்கட்கிழமை கொச்சியில் கப்பல் ஏற வேண்டும். அதனால் சனிக்கிழமை பகலில் நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டு, அன்று சாயங்காலமே அவர் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. கஸ்பார் அண்ணாச்சி உடனே சரி என்று சொல்லிவிட்டார். நேரம் பதினொரு மணி. வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, ராகுகாலம் கிடையாதுதான்... இருந்தாலும் பத்தரை தாண்டட்டும் என்று இரு வீட்டாருக்குமே தோன்றியிருக்கிறது.

புதன்கிழமை ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. விஷயத்தைச் சொன்னாள். பதினொரு மணிக்கு நிச்சயதார்த்தம், இரண்டரைக்குப் பேச்சு, நடுவில் நேரம் இருக்கிறதே என்றேன். அக்கா, நிச்சயம் முடிந்த பெண் அன்றைக்கு வீட்டுப் படி இறங்கக் கூடாதாம், என்றாள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அப்பா நடுங்குகிறார். மாநாட்டை மறந்துவிடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

நான் என்னாலான யோசனையைச் சொன்னேன். கட்டுரையை நான் வாசிக்கிறேனே?

"வாசிச்சிருவீங்க அக்கா. கேள்வி கேட்டா யாரு பதில் சொல்லுவா?"

எனக்கு அந்தக் கட்டுரையில் பாதிதான் புரியும்.

மறுநாள் மத்தியானம் வகுப்பு முடிந்ததும், கீழவைப்பார் வரைக்கும் என்னோடு வர முடியுமா என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணே மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பதா? சம்பந்தமே முறிந்து போனால்? அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். அம்மாவிடம் சொல்லியாயிற்று, நாம் போய்விட்டு வந்த பிறகு அம்மா அப்பாவிடம் சொல்வார்கள் என்றாள். எவ்வளவு யோசித்திருக்கிறாள் பாருங்கள். தடுக்க வேண்டியவள் நான். தடுக்கவில்லை. கீழவைப்பார் வழியாகப் போகும் வேம்பார் பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் உப்பளம். கண் கூசியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள். ஒரு தடவை மட்டும், அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா நான் பேசப் போகமாட்டேன் அக்கா, ஆனா கேக்காம இருக்கமாட்டேன், என்றாள்.

ஜெரால்டின் அம்மா லூர்தம்மாள். புருஷன் கப்பல்காரராக இருந்து இறந்துபோனவர். நாலு பிள்ளைகளைத் தனியாக வளர்த்த மனுஷி. வாசலில் எங்களைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு உள்ளே வரச் சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்தார். ஜெரால்டு தூத்துக்குடிக்கு ஏதோ பேப்பர் வாங்கப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பிலோமினா காப்பியைத் தொடவில்லை.

"மாமி, சனிக்கிழமை எனக்கு ரெண்டு காரியம் இருக்கு. ரெண்டுலயும் நான் இருக்கணும்னு நெனைக்கேன். ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணுக்கு வந்து உக்காந்தா பாதி மனசோடதான் உக்காருவேன். நிச்சயத்துல அப்படி உக்கார எனக்குப் பிடிக்கல. அதான் உங்கக்கிட்ட நேரா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

லூர்தம்மாள் அது என்ன இன்னொரு காரியம் என்று கேட்டார். பிலோமினா சொன்னாள். ஃபங்ஷன், கம்ப்யூட்டர் என்று எதுவும் சொல்லவில்லை. கப்பல்கள் வெளியே காத்துக்கிடப்பதைச் சொன்னாள். எது முதலில் உள்ளே வரவேண்டும் என்று முடிவு செய்வதில் ஒழுங்கு வேண்டும், அந்த ஒழுங்கைக் கணக்காக எழுதிப் பார்த்திருக்கிறேன், கேட்பதற்குப் பெரிய ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றாள்.

லூர்தம்மாள் காப்பித் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு பிலோமினாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஜெரால்டு பொறந்த அன்னைக்கு அவனுக்க அப்பா வந்த கப்பல் வெளியதான் கெடந்துச்சு டீச்சர். கரையில நின்னா ஆளு தெரியுத மாதிரி இருக்கும். எறக்க எடமில்லன்னு விடல. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்து முடிச்ச பொறவுதான் மனுசன் வந்து பாத்தாரு."

அப்புறம் பிலோமினாவிடம் திரும்பினார். "உன் கணக்கு வந்தா அப்படிக் காத்துக் கெடக்கது இல்லாமப் போயிருமா?"

நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம் என்று சொல்லேன், பெண்ணே... ஒரே ஒரு வார்த்தை.

"தெரியாது மாமி. கொறையுமான்னு பாக்கோம்."

லூர்தம்மாள் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். காப்பி ஆறிப்போகிறது, குடி என்றார். அவ்வளவுதான். பஸ் ஏறினோம். வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு தகவலும் இல்லை. கஸ்பார் அண்ணாச்சி விஷயம் தெரிந்து மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

சனிக்கிழமை விடிந்தது. பேராசிரியர் வந்து இறங்கினார். நல்ல உயரம், கசங்கிய சட்டை, கையில் குடை. ரயிலை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, மிஸ் பிலோமினா எங்கே? அவளுக்கு இன்றைக்கு வீட்டில் ஒரு ஃபங்ஷன் என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். எப்படிப் புரிந்துகொண்டாரோ.

மாநாடு தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் ஒரு பதினைந்து பேர் இருக்கும். எங்கள் ஸ்டாஃப் கொஞ்சம், ஹார்பர் இன்ஜினியர்கள் இரண்டு பேர். பின்னால் வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. பேச்சுகள் நன்றாகத்தான் இருந்தன. சத்தியமாக எதுவும் என் காதில் ஏறவில்லை. பதினொன்றரை ஆனபோது, இப்போது மோதிரம் மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் பேராசிரியருக்கு ரசம் ஊற்றியபடி, அவள் வராவிட்டால் என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒன்று இல்லை. பின்னாலேயே ஒரு வேன்.

முதலில் லூர்தம்மாள் இறங்கினார், பட்டுச்சேலையில். பிறகு பிலோமினா, தலை நிறையப் பூ. ஜெரால்டு, கோட்டு சூட்டில். அவள் அம்மா. அத்தைமார், மாமன்மார், கைக்குழந்தையோடு இரண்டு பேர். கடைசியாக கஸ்பார் அண்ணாச்சி. யார் முகத்தையும் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டு வந்தார். நிச்சயதார்த்த வீடே மாநாட்டுக்குள் வந்துவிட்டது.

நான் ஓடிப் போனேன். லூர்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நிச்சயம் முடிஞ்ச பொண்ணு தனியா வெளிய போகக்கூடாது, அதான முறை? அதான் எல்லாரும் சேந்து வந்துட்டோம்."

மகன் என்ன சொன்னார் என்று கேட்டேன். நான் வருஷத்தில் முக்கால்வாசி கடலில் கிடப்பேன், அவளுக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டாமா என்று கேட்டாராம். அதற்கு மேல் அந்தப் பையன் அன்று முழுக்கப் பேசவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா பேசினாள். ஆரம்பத்தில் பேச்சு கொஞ்சம் அவசரமாக ஓடியது. சாக்பீஸ் கையில் வந்ததும் சரியாகிவிட்டது. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்தி, வந்திருக்கும் என் வீட்டாருக்காக இரண்டு நிமிஷம் என்று பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, அதுவரை சொன்னதைத் தமிழில் சொன்னாள். ஹாலில் குழந்தைகளைத் தவிர யாரும் அசையவில்லை. முடித்தபோது நல்ல கைதட்டல்.

பிறகு பேராசிரியர் எழுந்தார்.

உங்கள் நிரூபணம் அழகாக இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை என்று தொடங்கினார். ஆனால் நீங்கள் பழைய வரிசையைத் தொடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் புது வரிசை ஒன்றை உண்டாக்குகிறீர்கள். பேப்பரில் இடம் நிறைய. மெஷினில் இடம் எங்கே? ஒரு மாதத்துக் கப்பல்களைக் கொடுத்தால் அது மூச்சுமுட்டி நின்றுவிடாதா? ஓட்டிப் பார்த்தீர்களா?

இல்லை என்றாள். எங்கள் ஊரில் மெஷின் இல்லை.

அப்படியானால் இதை நடைமுறை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அவள் மறுபடி நிரூபணத்தைக் காட்டினாள். அது சரி, நான் கேட்டது அதில்லை என்றார். இன்னொரு பக்கத்திலிருந்து கேட்டார். இன்னொன்று. குரலில் கோபம் இல்லை. ஆனால் விடவும் இல்லை. பிலோமினாவின் நெற்றி வேர்த்துவிட்டது. கஸ்பார் அண்ணாச்சி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். லூர்தம்மாள் என் காதருகில் குனிந்தார்.

"அவரு என்னத்துக்கு நம்ம பிள்ளையத் திட்டுதாரு?"

திட்டவில்லை மாமி, கேள்வி கேட்கிறார், இங்கே அதுதான் மரியாதை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நம்பிக்கை இல்லை. நம் ஊரில் சபையில் ஒரு பெண்ணை இத்தனை கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் வேறு. அழுதுவிடுவாளோ? தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிடுவாளோ?

பிலோமினா சாக்பீஸைக் கீழே வைத்தாள். பிறகு திரும்பினாள்.

தெரியாது என்றாள், ஆங்கிலத்தில். நீங்கள் சொல்கிறபடி அது நின்றாலும் நிற்கும். எந்த இடத்தில் நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும். உங்களிடம் மெஷின் இருக்கிறது. எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்கள்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, வெகு நேரமாக எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது போன்ற சிரிப்பு. இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்றார். கிறிஸ்துமஸ் கழிந்து பம்பாய்க்கு வந்தால் மூன்று வாரம் மெஷினில் நேரம் ஒதுக்கித் தருகிறேன், தங்க இடமும் தருகிறேன் என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

நிச்சயமான பெண்ணைப் பம்பாய்க்கு அனுப்புவதா? வெளியூர்க்காரர்களுக்கு அது புரிந்திருக்காது. பிலோமினா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். பேராசிரியர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

லூர்தம்மாள் எழுந்து நின்றார்.

"கஸ்பார் அண்ணாச்சி, இவன் கப்பல விட்டு எறங்க இன்னும் மாசக்கணக்கா ஆகும். அதுக்குப் பொறவுதான கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கணும், கல்யாணம் வைக்கணும். அதுவரைக்கும் பிள்ள இங்கன சும்மா இருந்து என்ன செய்யப்போறா? போயிட்டு வரட்டும். தொணைக்கு நான் போறேன். பம்பாய்ல இருந்து என் வீட்டுக்காரரு எத்தனையோ சாமான் கொண்டாந்திருக்காரு. ஊர நான் பாத்ததே இல்ல."

கஸ்பார் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். பிறகு மகளைப் பார்த்து, இரண்டு நாளில் முதல் தடவையாக, வாயைத் திறந்தார்.

"குளிருக்கு ஒரு சொட்டர் எடுத்துக்க."

'சொட்டர்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, பம்பாயில் குளிராது என்று சொல்ல வந்த பேராசிரியரின் கையை மெதுவாக அழுத்தினேன். நல்ல மனுஷர், புரிந்துகொண்டார். ஜெரால்டுக்கு நேரமாகிவிட்டது. போகும்போது பிலோமினாவிடம் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதெல்லாம் கேட்கிற அளவுக்கு நான் மோசமான ஆள் இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன். பெண்களிடம் நாம் எப்போதும் 'இதா, அதா?' என்றுதான் கேட்கிறோம். இரண்டும் ஏன் கூடாது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. இருபது மைல் பஸ்ஸில் போய்க் கேட்டால் தெரிந்துவிடுகிற சங்கதிக்கு, கேட்கப் பயந்தே எத்தனை பேர் எதையெதையோ விட்டிருப்பார்கள்? பிலோமினாவின் புரோகிராம் மெஷினில் ஓடுமா, மூச்சுமுட்டி நிற்குமா — எனக்குத் தெரியாது. நின்றால் என்ன? எங்கே நின்றது என்று தெரிந்துகொண்டு வருவாள். அடுத்தது எழுதுவாள்.

பம்பாய்க்கு இரண்டு டிக்கெட் போட்டாகிவிட்டது. கம்ப்யூட்டர் அறைக்குள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லலாமா என்று லூர்தம்மாள் கேட்கச் சொன்னார், பேராசிரியருக்கு எழுதியிருக்கிறேன். சத்தம் போடாமல் சொன்னால் மெஷினுக்கு ஆட்சேபம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.